குறும்படத்துக்கு லைவ் சவுண்டா, டப்பிங்கா? கதை எழுதும்போதே முடிவு பண்ணுங்கள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பில் கடைசி செமஸ்டர் நெருங்கியதும் எல்லா வகுப்பிலும் குறும்படப் பேச்சு தொடங்கிவிடும். யாரிடம் எந்த கேமரா இருக்கிறது, லென்ஸ் எங்கே வாடகைக்குக் கிடைக்கும், கேமரா ஆடாமல் இருக்க கிம்பல் வேண்டுமா, ட்ரோன் ஷாட் ஒன்று வைக்கலாமா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒலி என்று வரும்போது மட்டும் "அத டப்பிங்ல பாத்துக்கலாம்டா" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். படத்தில் யார் நடிக்கலாம், எங்கே எடுக்கலாம், ஷூட்டிங் முடிந்த பிறகு எத்தனை வாரம் உட்கார வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது, பேசுகிற யாருக்கும் அது தெரிவதில்லை. மாணவர் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறவன் என்ற முறையில் என் பக்கம் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிகிற, இரண்டு மூன்று பேர் பேசுகிற, ஒரு வீட்டையோ ஒரு ஊரையோ நம்பி நிற்கிற கதை என்றால் லைவ் சவுண்டில், அதாவது நடிக்கும்போது பேசுவதை ஸ்பாட்டிலேயே பதிவு செய்து, எடுங்கள். டப்பிங்தான் சரி என்று சொல்லக்கூடிய படங்களும் இருக்கின்றன, அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தமிழ் சினிமாவே டப்பிங்கில்தானே ஓடுகிறது, நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1931-ல் காளிதாஸ் வந்த காலத்தில் நடிகர்கள் கேமரா முன்னாலேயே பேசினார்கள், பாடினார்கள், அது அப்படியே பதிவானது. அதற்குப் பிறகும் ஸ்டுடியோ ஃப்ளோருக்குள் படம் எடுத்தவரை ஒலி ஓரளவு கட்டுக்குள் இருந்தது. படப்பிடிப்பு வயலுக்கும் தெருவுக்கும் போனபோது, தூக்கிக்கொண்டு போக வசதியாக இருந்த ஆரிஃப்ளெக்ஸ் 2சி மாதிரியான கேமராக்கள் ஓடும்போது தையல் மிஷின்போல் சத்தம் போட்டன. அதனால் ஸ்பாட்டில் பதிவானது வெறும் பைலட் ட்ராக் ஆனது, அதாவது டப்பிங்கின்போது கேட்டுப் பேசுவதற்கான மாதிரி ஒலி, அசல் குரல் பிறகு டப்பிங் தியேட்டரில் பதிவானது. கூடவே தமிழ் பேசத் தெரியாத நடிகைகளுக்கு இன்னொருவர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது காரணம் நம் ஊர் இரைச்சல், அப்புறம் நட்சத்திரத்தைப் பார்க்கக் கூடுகிற கூட்டம்.

இந்த மூன்றில் முதல் இரண்டும் உங்களுக்குக் கிடையாது. மிரர்லெஸ் கேமராவோ போனோ ஓடுவது காதில் விழாது. நடிப்பது உங்கள் வகுப்புத் தோழி, நன்றாகவே தமிழ் பேசுகிறவர். மிச்சம் இருப்பது இரைச்சல் ஒன்றுதான், அதையும் இடத்தையும் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். கிராமம், பெருங்கூட்டம் என்று எல்லாச் சிரமமும் இருந்தும் 2004-ல் வந்த விருமாண்டி லைவ் சவுண்டில் எடுக்கப்பட்ட படம்தான்.

டப்பிங்கைத் தேர்ந்தெடுக்கிற மாணவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். டப்பிங் என்றால் வசனத்தை மறுபடி பேசிப் பதிவு செய்வது, அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். ஸ்பாட்டில் பதிவான ட்ராக்கை நீங்கள் தூக்கிவிட்டால் அதோடு சேர்ந்து எல்லாமே போய்விடும். அம்மா டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம், சேலை உரசல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற காலடி, கதவுத் தாழ்ப்பாள், தூரத்தில் யாரோ துணி துவைப்பது, அறையில் எப்போதும் இருக்கிற அந்த லேசான உறுமல் எல்லாம் காலி. இவை ஒவ்வொன்றையும் நீங்கள் திரும்ப உண்டாக்கி, ஃப்ரேம் பார்த்து ஒட்டவைக்க வேண்டும். பெரிய படங்களில் காலடி, உரசல் மாதிரி சத்தங்களைத் திரும்ப உண்டாக்குகிற ஃபோலி வேலைக்கென்றே கலைஞர்கள் இருக்கிறார்கள், எஃபெக்ட்ஸுக்குத் தனி ஆட்கள், இடத்தின் பின்னணிச் சத்தமான ஆம்பியன்ஸுக்குத் தனி ஒலி நூலகம். உங்களுக்கு இருப்பது ஒரு லேப்டாப்பும் சமர்ப்பிக்க வேண்டிய தேதியும். அதனால் என்ன நடக்கிறது என்றால், வசனம் மட்டும் சுத்தமாக, வெறுமையில் மிதக்கிற மாதிரி கேட்கும், அந்த வெறுமையை மறைக்க முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை பியானோவோ வயலினோ ஓடும். மாணவர் குறும்படங்களில் பின்னணி இசை நிற்காமல் ஓடுவதற்கு ரசனையைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

நடிப்பு விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. டப்பிங் அறையில் நடிகர் ஹெட்ஃபோனில் தன் பைலட் ட்ராக்கைக் கேட்டுக்கொண்டு, திரையில் தன் உதட்டைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் திரும்பப் பேச வேண்டும். ப, ம வரும் இடத்தில் எல்லாம் உதடு மூடும், அங்கே அரை நொடி தவறினாலும் பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். இது பழகினவர்களுக்கே உழைப்பு. கூத்துப்பட்டறை மாதிரி நாடகக் குழுக்களில் குரலுக்குப் பயிற்சி எடுத்த ஒருவர் நடித்திருந்தால் சமாளித்துவிடுவார். உங்கள் கதையில் நடிப்பது உங்கள் பாட்டி, எதிர்வீட்டு டீக்கடைக்காரர், மூன்றாம் வகுப்பு படிக்கிற தம்பி என்றால் என்ன பண்ணுவீர்கள்? பாட்டி கேமரா முன்னால் இயல்பாக ஒரு தடவை சொன்னதை அறைக்குள் மைக் முன்னால் நின்று திரும்பச் சொல்லச் சொன்னால் பாடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். அப்புறம் அவரை ஊரிலிருந்து மறுபடி அழைத்து வர வேண்டும். வேறு யாரையாவது வைத்துப் பேசவைத்தால், விளாத்திகுளம் பக்கத்துப் பேச்சு சென்னைப் பேச்சாக மாறிவிடும். மாணவர் படத்திடம் பெரிய படத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது என்றால் அது இந்த மாதிரி உண்மையான மனிதர்களின் உண்மையான பேச்சுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கிப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

சரி, லைவ் என்றால் என்னென்ன தேவை? முதலில் ஒரு ஆள் தேவை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்பதைத் தவிர வேறு எந்த வேலையும் இல்லாத ஒருவர் வேண்டும். அசிஸ்டென்ட் டைரக்டரே பூம் (மைக் மாட்டிய நீளமான கோல்) பிடிப்பார், அவரே சாப்பாடும் வாங்கி வருவார் என்றெல்லாம் வைத்தால் நடக்காது. டேக் நடுவில் ஒரு வசனத்தின் மேல் ஹாரன் விழுந்துவிட்டது என்று அவர் சொன்னால், இயக்குநர் முகம் சுளிக்காமல் ஒன் மோர் போக வேண்டும். அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுக்க மனமில்லை என்றால் லைவ் பக்கம் வராதீர்கள். சென்னையில் இருக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்கென்றே தனிப் பாடப்பிரிவு இருக்கிறது, அங்கே படிக்கிறவர்களுக்கும் கைவேலை தேவை, உங்கள் கதை பிடித்திருந்தால் வருவார்கள். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

இரண்டாவது, இடம். லொக்கேஷன் பார்க்கப் போகும்போது எல்லோரும் வெளிச்சம் பார்க்கிறார்கள், சுவரின் நிறம் பார்க்கிறார்கள். நீங்கள் ஷூட் பண்ணப் போகிற அதே நேரத்தில் அங்கே போய், கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்காருங்கள், போனில் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் பக்கம் அழகான பழைய வீடு கிடைத்தாலும் தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டே இருக்கும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற கோயில் பக்கத்துத் தெரு ஒலிபெருக்கியோடுதான் இருக்கும். கல்யாண மண்டபம் பக்கத்தில் இருந்தால் முகூர்த்த நாள் பார்த்துத் தேதி வையுங்கள். வீட்டுக்குள் வந்தால் ஃபேனை நிறுத்த வேண்டும், அதனால் ஏப்ரல், மே மாதங்களில் நடிகர்களின் முகம் வியர்த்து மேக்கப் போய்விடும், முடிந்தால் டிசம்பர், ஜனவரியிலேயே எடுத்து முடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜையும் அணைக்க வேண்டும். அணைத்ததை மறந்துவிட்டால் வீட்டுக்காரரின் பாலும் மாவும் கெட்டுப்போகும் என்பதால், அணைக்கும்போது உங்கள் பைக் சாவியை அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைப்பது ஒலிப்பதிவாளர்களிடம் இருக்கிற ஒரு நல்ல பழக்கம், கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃப்ரிட்ஜ் ஞாபகம் தானாக வரும்.

இன்னொன்று, நம் வீடுகள் கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருப்பதால் அறை எதிரொலிக்கும். பெட்ஷீட், கம்பளி, பாய் என்று வீட்டில் இருப்பதை எல்லாம் ஃப்ரேமுக்கு வெளியே விரித்தும் தொங்கவிட்டும் வைத்தால் கேட்கிற அளவுக்கு மாற்றம் தெரியும். பூம் மைக்கைத் தலைக்கு மேலிருந்து, ஃப்ரேம் விளிம்புக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவாருங்கள், தூரம் கூடக்கூட அறைதான் பேசும். காலர் மைக் போட்டால் உடை விஷயத்தில் கவனம் வேண்டும். பருத்திச் சேலை பரவாயில்லை, பட்டும் கஞ்சி போட்ட சட்டையும் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும், தாலிச் சங்கிலி மைக்கில் இடிக்கும், கண்ணாடி வளையலும் கொலுசும் வசனத்தின் மேலேயே ஒலிக்கும். மைக்கைத் தோலோடு ஒட்ட மருந்துக்கடையில் கிடைக்கிற காகித டேப் போதும்.

இவ்வளவு சிரமத்துக்குப் பதிலாக டப்பிங் எங்கே நிஜமாகவே ஜெயிக்கிறது என்றும் பார்க்கலாம். ஓடுகிற பைக்கில் இரண்டு பேர் பேசுகிற காட்சிக்கு டப்பிங்தான். மெரினாவில் பக்கத்துப் பக்கத்து ஷாட்டுகளில் அலையின் சத்தமும் காற்றும் வேறு வேறாக இருக்கும், ஒட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் தூக்கிப்போடும், அங்கேயும் அப்படித்தான். கோயம்பேடு மாதிரி ஒரு சந்தைக்குள் ஒளித்து வைத்த கேமராவில் எடுக்கிற வசனம், பேய்க் கதை, கனவுக் கதை, படம் முழுக்க ஒலியை நீங்களே வடிவமைக்க நினைக்கிற எதுவும் டப்பிங்குக்கு ஏற்றவை. எடிட்டில் வசனத்தை மாற்றி எழுதுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதற்கும் டப்பிங் இடம் கொடுக்கும், முதுகு காட்டி நிற்கிற ஷாட்டில் புதிதாக ஒரு வரியே நுழைத்துவிடலாம். நகைச்சுவைப் படம் எடுக்கிறவர்கள் இந்தச் சுதந்திரத்தை விட மாட்டார்கள், அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் டப்பிங் என்று முடிவெடுத்தால் ஸ்பாட்டில் பைலட் ட்ராக்கையாவது தெளிவாக எடுங்கள், நடிகர் அன்றைக்கு என்ன ஏற்ற இறக்கத்தில் பேசினார் என்று தெரியாவிட்டால் டப்பிங்கில் திண்டாடுவீர்கள். ஷூட்டிங் முடிந்த மறுவாரமே நடிகர்களைப் பிடித்து உட்காரவையுங்கள். செமஸ்டர் முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டால், வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டால், படம் அப்படியே நின்றுவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, மாணவர்கள் அதைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. டேக் ஓகே ஆனதும், கேமராவை நிறுத்திவிட்டு, அதே இடத்தில், அதே உடையில், அதே மூச்சில், மைக்கை வாய்க்கு அருகில் வைத்து அந்த வசனத்தை ஒன்றிரண்டு தடவை குரல் மட்டும் பதிவு செய்வது. வைல்ட் ட்ராக் என்பார்கள். நடிகர் இன்னும் அந்த உணர்விலேயே இருப்பதால் வேகமும் இழுப்பும் ஏறக்குறைய அப்படியே வரும், எடிட்டில் ஹாரன் விழுந்த அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடலாம். அதோடு ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல், நகராமல் ஒரு நிமிடம் அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள், வெட்டுகளுக்கு நடுவில் விழுகிற ஓட்டையை அடைக்க அது இல்லாமல் முடியாது. எல்லோரும் களைத்து, பேக்கப் சொல்லக் காத்திருக்கிற நேரத்தில் இதைக் கேட்பது கஷ்டம்தான், இருந்தாலும் கேளுங்கள்.

இதையெல்லாம் நான் கதை எழுதுகிற கட்டத்துக்கே கொண்டுபோகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட நினைக்கிற மகள், அப்பாவிடம் அதைச் சொல்கிற காட்சி என்று வையுங்கள். முதல் டிராஃப்டில் அது பேருந்து நிலையத்தில் நடக்கிறது, ஏனென்றால் அவள் அப்போதுதான் ஊருக்கு வந்து இறங்குகிறாள். அங்கே லைவ் எடுக்கவே முடியாது. டப் செய்யலாம், ஆனால் அப்பாவாக நடிப்பவர் மேடையே ஏறாத ஒரு தறித் தொழிலாளி. இந்த நிலையில் நல்ல வழி எழுத்தில்தான் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் அவர்கள் எதுவும் பேச வேண்டாம், அவர் பையை வாங்கிக்கொள்கிறார், அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பின்னால் நடக்கிறாள், அவ்வளவுதான். அந்த இரைச்சல் அப்போது தொந்தரவு இல்லை, அவள் வாயைத் திறக்க முடியாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக நிற்கிறது. பேச்சை இரவில், வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில் வைத்தால் லைவ் சவுண்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, காட்சியும் முன்பைவிட நெருக்கமாகிவிடும். தறி ஓடுகிற வீடாக இருந்தால் அந்தச் சத்தம் எப்போது நிற்கும், எப்போது மறுபடி தொடங்கும் என்பதையே காட்சிக்குள் கொண்டுவரலாம். திரைக்கதையைப் பென்சிலோடு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் லைவ், டப்பிங், பேச்சே வேண்டாம் என்று ஏதாவது ஒன்றை எழுதுங்கள். ஒரே படத்தில் மூன்றும் இருக்கலாம். டப்பிங் என்று எழுதிய காட்சிகள் பாதிக்கு மேல் வந்துவிட்டால் முழுப் படத்தையும் டப்பிங்கில் வைப்பதுதான் நல்லது, இரண்டு வகைக் குரலும் மாறிமாறி வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாவது லென்ஸுக்கும் கிம்பலுக்கும் ஒதுக்கிய வாடகையை எடுத்து ஒரு நல்ல ஷாட்கன் மைக் (நேர் எதிரே வருகிற ஒலியை அதிகமாகப் பிடிக்கிற நீள மைக்), ஒரு ரெக்கார்டர், இரண்டு வயர்லெஸ் காலர் மைக் என்று மாற்றுங்கள். 32 பிட் ஃப்ளோட் என்கிற முறையில் பதிகிற ரெக்கார்டர் கிடைத்தால் எடுங்கள், நடிகர் திடீரென்று கத்தினாலும் லெவல் உடைந்து வீணாகாது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. டப்பிங் ஸ்டுடியோ மணிக்கணக்கில்தான் வாடகை வாங்கும், பழகாத நடிகருக்கு ஒரு பக்க வசனத்துக்கே நேரம் ஓடிவிடும், எனவே டப்பிங் மலிவு என்கிற கணக்கும் அநேகமாகத் தப்பாகத்தான் முடியும்.

போனில் எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போனோடு வருகிற கேமரா ஆப் பெரும்பாலும் ஃப்ரேம் ரேட்டை (ஒரு நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை) ஒரே சீராக வைத்துக்கொள்ளாது, தனி ரெக்கார்டரில் பதிந்த ஒலியை நீளமான டேக்கில் ஒட்டினால் போகப்போக உதடும் குரலும் விலகிக்கொண்டே போகும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், அது மாதிரி ஒன்றில் ஃப்ரேம் ரேட்டைப் பூட்டிவையுங்கள். ரெக்கார்டரில் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். க்ளாப் போர்டு இல்லாவிட்டால் கையைத் தட்டி, காட்சி எண்ணையும் டேக் எண்ணையும் வாயால் சொல்லுங்கள், டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே அலைவடிவம் பார்த்து இரண்டையும் சேர்த்துக்கொடுத்துவிடும் என்றாலும் ஃபைல்களைத் தேடும்போது அந்தக் குரல்தான் உதவும்.

எல்லாம் முடிந்து மிக்ஸிங்குக்கு வரும்போது இரைச்சல் நீக்குகிற மென்பொருளை அளவோடு பயன்படுத்துங்கள். கூடுதலாக ஓட்டினால் மெய்யெழுத்துகளைத் தின்றுவிடும், குரல் குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும், அதற்குக் கொஞ்சம் காக்கைச் சத்தம் இருப்பதே மேல். ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுவிட்டு முடிவு பண்ணாமல் கல்லூரி அரங்கின் ஸ்பீக்கரில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் நடக்கிற கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா மாதிரி இடத்துக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால் படம் ஓடப்போவது தியேட்டரில், போனில் கேட்காத உறுமல் எல்லாம் அங்கே கேட்கும். கடைசியாக எக்ஸ்போர்ட் எடுக்கும்போது வசனம், ஆம்பியன்ஸும் எஃபெக்ட்ஸும், இசை என்று மூன்றையும் தனித்தனி ட்ராக்காக வெளியே எடுத்து இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் யாராவது இசையின் உரிமை பற்றிக் கேள்வி கேட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.